வாசலுக்கு மேலே மாட்டிய படம்

“யாரு புள்ள இவ? எதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு வெளிய போறா?”

என் மாமியார் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு நடுவில் நின்று கேட்டார். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அதிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டி, காலையில்தான் நான் சாணி மெழுகிய தரை நனைந்துகொண்டிருந்தது. நான் அரிசிப் பெட்டியின் மேல் ஏறி நின்று, கையில் சுத்தியலோடு, ஆணி ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு மேலே, உள்பக்கச் சுவரில், பலகையில் தீட்டிய ஒரு படம். சாய்ந்து இறங்கும் ஒரு மலை. வரிசை வரிசையாக இறப்பர் மரங்கள். மழை விட்ட நேரத்து வெளிச்சம். நடுவில் ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் பால்வாளியோடு இறங்கிப் போகிறாள். சிவப்புச் சேலை, இடுப்பில் படங்கு, வாளி இருக்கும் பக்கம் தோள் கொஞ்சம் சரிந்திருக்கிறது. முகம் தெரியாது. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள்.

“எங்க அக்கா மாமி” என்றேன்.

“அழகம்மாவா? உசிரோட இருக்கிறவள எதுக்குடி செவத்துல மாட்டுற?”

நான் சுத்தியலால் ஆணியை இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன்.

சுவரில் இடம் யாருக்கு

மாமியார் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. இலங்கையில் கஹவத்தைப் பக்கத்தில், எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எந்தக் காம்பராவுக்குள் நுழைந்தாலும் சுவரில் இரண்டு விதமான ஆட்கள்தான் இருப்பார்கள். ஒன்று சாமி. மற்றது செத்துப்போனவர்கள். சாமிகள் எல்லோரும் டவுனில் நானா கடையில் இருந்து வருஷப் பிறப்புக்கு இலவசமாக வந்தவர்கள். முருகனின் காலடியில் நானாவின் கடைப் பெயரும், அவர் விற்கும் சாமான்களும் அச்சடித்திருக்கும். முஸ்லிம் கடைக்காரர் முருகனைக் கொடுக்கிறார், நாங்கள் கும்பிடுகிறோம். அதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

லயம் முழுக்க அதே முருகன், அதே மயில், அதே சிரிப்பு. பக்கத்து வீட்டுக்குப் போனாலும் நம் வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்கும்.

சாமியும் இல்லாமல், சாவும் இல்லாமல் சுவரில் ஒரு படம் இருக்கலாம் என்பதை நான் சின்ன வயதில் ஒரே ஒரு தடவைதான் கண்டேன். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மிட்டாய் வாங்க அம்மாவோடு துரை பங்களாவுக்குப் போனபோது, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே ஒரு பெரிய படம் தெரிந்தது. ஒரு குளம், அதில் நாலைந்து மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. அவ்வளவுதான். அது என்ன சாமி என்று அம்மாவிடம் கேட்டேன். “அது மாடுடி” என்றாள். மாட்டை எதற்கு மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று அன்று முழுக்க யோசித்தேன். மிட்டாயின் ருசி மறந்துவிட்டது. அந்தத் தண்ணீரின் நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

போன மாதம் என் தம்பி முறையான ஒருவன் புது வீடு கட்டிக் கூப்பிட்டிருந்தான். ஹாலில் சுவர் நிறைய ஒரு பனிமலைப் படம். கடையில் கட்டுக்கட்டாகச் சுருட்டி வைத்து விற்பதுதான். அந்த மலைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “சும்மா அழகுக்குத்தான் அக்கா” என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மனிதன் பார்த்து, கையால் தீட்டிய படம் ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். விருந்துக்குப் போன இடத்தில் வேண்டாம் என்று பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாததைத்தான் இந்த வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்குச் சொல்கிறேன்.

முன்னால் போகிறவள்

அம்மா இறந்தபிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள் அழகம்மா அக்கா. பிறகு இரண்டு பேருக்கும் அதே தோட்டத்திலேயே கலியாணம். அவள் மேல் லயத்தில், நான் கீழ் லயத்தில். இரண்டு பேருக்கும் இறப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை.

விடியும்போது மலை ஏறுவோம். எப்போதும் அக்கா முன்னால், நான் பின்னால். முன்னால் போகிறவளின் முகத்தில்தான் சிலந்தி வலை ஒட்டும், அவள் சேலையில்தான் பனித்தண்ணீர் முழுக்க ஊறும். அதை எனக்கு விடமாட்டாள். வெட்டி முடித்து, சிரட்டையில் வடிந்த பாலையெல்லாம் வாளியில் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கும்போதும் அப்படித்தான். மழை நாளில் அந்தப் பாதை களியாக வழுக்கும்.

“பாத்து வா, வழுக்குது” என்பாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

“நீ பாத்துப் போ அக்கா” என்பேன் நான்.

நாள் தவறாமல் இதே பேச்சு. வாளியில் பால் இருக்கும்போது அவள் திரும்ப மாட்டாள், சிந்திவிடும். அதனால் என் அக்காவை எனக்கு முகத்தைவிட முதுகால்தான் அதிகம் தெரியும். கொண்டை எந்தப் பக்கம் தளரும், எந்தக் கால் அழுந்தி விழும், கோபமாக இருந்தால் கழுத்து எப்படி விறைக்கும், எல்லாம் தெரியும்.

அந்தக் காலத்தில்தான் எங்களைப் பங்கு பிரித்தார்கள். இரண்டு அரசாங்கங்களும் பேசி ஒப்பந்தம் போட்டதில், தோட்டத்துச் சனங்களில் ஒரு பகுதி இந்தியாவுக்கு, ஒரு பகுதி இங்கே. எங்கள் வீட்டுக்காரர் பக்கம் இலங்கைக்கு எழுதிப் போட்டார்கள். அத்தான் பக்கம் இந்தியாவுக்கு. யாரும் அக்காவையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அவரவர் புருஷன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

“லிஸ்ட்ல பேர் வந்தா போக வேண்டியதுதான்” என்றாள் அக்கா. எப்போது வரும் என்று தெரியாது. சிலருக்கு வருஷக் கணக்காக வரவில்லை. சிலருக்குத் திடீரென்று வந்தது. அதனால் நான் தினமும் அவள் பின்னால் நடந்துகொண்டே, இன்றைக்குத்தான் கடைசியோ என்று பயந்து பயந்து நடந்தேன்.

பயணத்துக்கு வேண்டும் என்று அவளை டவுனில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். எனக்கும் ஒரு பிரதி கொடுத்தாள். கண்ணைப் பிதுக்கிக்கொண்டு, கழுத்து வரை பட்டன் போட்ட மாதிரி விறைத்துப்போய், யாரோ ஒருத்தி. பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகைக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது.

கெட்டுப்போன பலகை

மலைகளுக்கு நம்பர் பலகை எழுத டவுனில் இருந்து பியதாச பாஸ் என்ற சிங்களப் பெயிண்டர் வந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை, லொறிகளுக்கு நெற்றி எழுத்து, எல்லாம் அவர்தான். எங்கள் தோட்டத்தில் மரம் நிற்கும் ஒவ்வொரு பிரிவும் ஒரு மலை; ஒவ்வொரு மலைக்கும் புதுப் பலகை வைக்கச் சொல்லி வேலை கொடுத்திருந்தார்கள். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, பெயிண்டும் காயாது. அதனால் மழை நேரத்தில் அவரும் நாங்களும் ஸ்டோர் தாழ்வாரத்தில் ஒன்றாகத்தான் ஒதுங்கி நிற்போம்.

அப்படி ஒதுங்கிய ஒரு நாளில்தான் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அந்தப் பலகையைப் பார்த்தேன். அந்தத் தோளின் சரிவு! உலகத்தில் வேறு யாருக்கும் அப்படிச் சரியாது.

“இது யாரு பாஸ்?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

“தெரியா நங்கி. மேல ரோட்டுல இருந்து நம்பர் எழுதுற நேரம் டெய்லி இந்தப் பொம்பள எறங்கிப் போகும். ஒரு பலகைல நம்பர் பிழையா எழுதிட்டேன். வீணாப் போறதுக்கு, மத்தப் பக்கம் இந்தப் படத்தக் கீறினேன்” என்றார் தமிழில், ‘தங்கச்சி’ என்பதை மட்டும் சிங்களத்தில். நான் அவருடைய மொழியிலும் அவர் என்னுடைய மொழியிலும் பேசிக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். இரண்டு பேரும் மற்றவருடைய மொழியை நன்றாகவே கொலை செய்தோம்.

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பெரிதாக எட்டு என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தார்.

“எனக்குத் தாங்க. காசு தர்றேன்.”

அவர் சிரித்தார். “இதுல சாமியும் இல்ல, மூஞ்சியும் இல்ல. இதுக்கு யாரு நங்கி காசு குடுக்கிறது? வேணும்னா அந்தப் பொம்பளய ஒரு நாளைக்கு நிக்கச் சொல்லு. மூஞ்சி கீறித் தாறேன்.”

“வேணாம். மூஞ்சி வேணாம். இப்பிடியே வேணும்.”

சும்மா எடுத்துக்கொண்டு போ என்றார். நான் மாட்டேன் என்றேன். சும்மா வந்தது சுவரில் எப்படி இருக்கும் என்று எனக்கு முருகன் விஷயத்தில் தெரியும். வருஷம் முடிந்தால் கழற்றி அலமாரித் தட்டுக்கு விரிப்பாக்கி விடுவோம். இது அப்படி ஆகக் கூடாது. நான் விரும்பி, விலை கொடுத்து, என்னுடையதாக வாங்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம். அந்த வாரம்தான் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். சேலைக்கென்று முடிந்து வைத்திருந்ததை அப்படியே அவர் கையில் கொடுத்தேன்.

அவர் காசை எண்ணாமலே மடித்துப் பையில் வைத்தார். பிறகு, நாளைக்கு வந்து எடுத்துக்கொள் என்று பலகையை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் பார்த்தால் மூலையில், புல்லுக்குள், சின்னதாகச் சிங்கள எழுத்தில் ஏதோ இருந்தது.

“என்ட பேரு” என்றார். “ஊர்ல உள்ள எல்லார்ட பேரையும் எழுதியிருக்கேன். என்ட பேர எழுதினது இதுலதான்.”

சேலை இல்லாத தீபாவளி

அந்தத் தீபாவளிக்கு நான் பழைய சேலையோடு கோயிலுக்குப் போனேன். லயத்தில் இரண்டு நாளைக்கு என் கதைதான். “பலகை வாங்கினவ” என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. “முன்னால சித்திரம், பின்னால எட்டாம் நம்பர் மலை. நெலத்தோட வாங்கியிருக்கா என் பொஞ்சாதி” என்று ஸ்டோர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“யாருடி இது, இப்பிடி ஒரு பக்கமாச் சரிஞ்சு நடக்கிறா?”

“நீதான்.”

“நானா? போடி! நான் நேராத்தான் நடப்பேன்.”

தன் முதுகைத் தானே யார் பார்த்திருக்கிறார்கள்? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கிட்டே போய், விரலால் அந்தச் சிவப்புச் சேலையை மெதுவாகத் தொட்டாள்.

“நெசமாவே நான்தானா?” என்றாள். குரல் மாறியிருந்தது. “அப்ப நான் போனாலும் இங்கதான் இருப்பேன்னு சொல்லு.”

நான் அடுப்பை ஊதப் போய்விட்டேன். புகையில் கண் கலங்கினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

பின்னால் கூப்பிடக் கூடாது

மாமியாரின் முறையீட்டுக்கு வருகிறேன். சுவரில் படம் மாட்டியது ஒரு குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், மாட்டிய இடம். வீட்டுக்குள் இருந்து பார்த்தால் வாசலுக்கு மேலே ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போகிறாள். மகாலட்சுமி வீட்டைவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது என்றார் மாமியார்.

“எதுத்த செவத்துல மாட்டு” என்றார்.

“அது அடுப்புச் செவரு மாமி. பொகையில கருத்துப் போகும்.”

“கருத்தாக் கருக்கட்டும். வெளிய போறவள வாசல்ல வைக்காத.”

நான் கேட்கவில்லை. வாசல் பக்கம்தான் வெளிச்சம் விழும். அந்தச் சிவப்பு நன்றாகத் தெரிய வேண்டும் எனக்கு. இரண்டு பேரும் சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்காவுக்குப் பேர் வந்தது.

புறப்பட்ட காலையில் மழை விட்டிருந்தது. மேல் லயத்துச் சனமெல்லாம் அழுதுகொண்டு பாதையோரம் நின்றது. கீழே ரோட்டில் லொறி. அத்தான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு முதலில் இறங்கிவிட்டார். அக்கா என் தலையைத் தடவினாள், என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் முறித்தாள். பாத்திர மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பயணத்துக்கென்று புதிதாக வாங்கிய ரப்பர் செருப்பு காலில். வெறுங்காலிலேயே நடந்து பழகியவள். களியில் செருப்பு இழுத்தது. மூட்டை இருந்த பக்கம் தோள் சரிந்தது. எனக்கு வாய் வரை வந்துவிட்டது.

என் மாமியார் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். “கூப்பிடாத. பயணம் போறவளப் பின்னால கூப்பிடக் கூடாது.”

நான் கூப்பிடவில்லை. தினமும் சொன்னதை அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. பின்னால் நான் வரவில்லை என்பதால் அவளும் எதுவும் சொல்லவில்லை. வளைவு வரைக்கும் முதுகு தெரிந்தது. அப்புறம் மரம்தான் தெரிந்தது.

அதன்பிறகு என் அக்காவை நான் பார்க்கவே இல்லை.

உள்ளே வருகிறவள்

சில நாள் மலைக்குப் போய்விட்டு வந்தேன். சிலந்தி வலை என் முகத்தில் ஒட்டியது. வீட்டுக்கு வந்தால் வாசலுக்கு மேலே அக்கா வெளியே போய்க்கொண்டிருந்தாள். காலையில் போனாள், சாயங்காலம் போனாள், நான் சோற்றில் கை வைக்கும்போது போனாள். வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு நன்றாகத்தான் தெரிந்தது. தெரிந்த அளவுக்கு வலித்தது. மாமியார் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லிக்காட்டுவார் என்று காத்திருந்தேன். சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டும் போல இருந்தது. அவர் சொல்லவில்லை.

ஒரு நாள் வேலைவிட்டு வந்து வாசல்படியில் கால் வைத்தேன். எதிர்ச்சுவரில் அக்கா இருந்தாள். எனக்கு முன்னால், வீட்டுக்குள்ளே, அடுப்படியைப் பார்த்து நடந்து போய்க்கொண்டிருந்தாள். பாலைக் கொடுத்துவிட்டு, எனக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி.

மாமியார் அரிசிப் பெட்டியில் இருந்து மெதுவாக இறங்கினார். அந்த வயதில் தானே ஏறி மாட்டியிருக்கிறார்.

“இப்ப உள்ள வர்றா பாரு” என்றார். “உள்ள வர்றவளக் கூப்பிட்டா குத்தமில்ல. கூப்பிடணும்னா கூப்பிட்டுக்க.”

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கூப்பிட மட்டும் குரல் வரவில்லை.

அதன்பிறகு அந்தப் படம் மாமியாருடையதும் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாமிப் படங்களைத் துடைக்கும்போது ஈரத்துணியால் அதையும் துடைப்பார். முருகனுக்குப் பொட்டு வைப்பார், மாமனார் படத்துக்கு வைப்பார், இதற்கு வைக்கமாட்டார். “உசிரோட இருக்கிறவ. அவ பொட்ட அவளே வச்சுக்குவா” என்பார்.

புகை தன் வேலையைச் செய்தது. பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற பஞ்ச வருஷங்களில் அந்த அடுப்பில் மரவள்ளிதான் வெந்தது, ஆனாலும் புகைக்குக் குறைவில்லை. வானம் முதலில் மங்கியது. பிறகு மரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. சிவப்புச் சேலை பழுப்பாகியது. வாசல் சுவருக்கே மாற்றிவிடலாமா என்று என் வீட்டுக்காரர் இரண்டு மூன்று தடவை கேட்டார். வேண்டாம் என்றேன். பளிச்சென்று வெளியே போகிற அக்காவைவிட, கறுத்தாலும் உள்ளே வருகிற அக்காதான் எனக்கு வேண்டும்.

எட்டாம் நம்பர்

எண்பதுகளின் தொடக்கத்தில் இனக்கலவரம் வெடித்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் லயங்களுக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இரண்டு நாள் பிள்ளைகளோடு இறப்பர் மலைக்குள் ஒளிந்திருந்தோம். எங்கள் லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இனி அங்கே இருக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அட்டன் பக்கம் அவருடைய உறவுக்காரர்களிடம் போவதாக முடிவு. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் ரோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் திரும்பி, “அந்தப் பானையெல்லாம் கெடக்கட்டும், அவள எடுத்துக்கிட்டு வா” என்றார்.

காம்பராவுக்குள் நான் மட்டும். அரிசிப் பெட்டியில் ஏறிப் படத்தைக் கழற்றினேன். கறுத்த சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. முந்தானையால் துடைத்தேன். தோளின் சரிவு அப்படியே இருந்தது. புல்லுக்குள் பியதாச பாஸின் பெயரும் இருந்தது.

வெளியே வந்தேன். கீழே நின்ற லொறியின் நெற்றியில் பியதாச பாஸ் எழுதிய எழுத்து. பார்த்ததும் ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது. இரவு பெய்த மழையில் பாதை களியாகக் கிடந்தது. பலகையை எப்படிப் பிடிப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். படம் வெளியே தெரியும்படி மார்போடு அணைத்தால் அக்கா என்னை நோக்கி, நான் போகிற வழிக்கு எதிராக நடப்பாள். அது சரிவராது. படத்தை என் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டேன். எதிரே நின்று பார்ப்பவர்களுக்குக் கோடு இழுத்த எட்டு மட்டும்தான் தெரியும். எனக்கு, என் அக்கா எனக்கு முன்னால் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

காலடியைக்கூடப் பார்க்க முடியவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஒவ்வோர் அடியாக வைத்தேன். அந்த வளைவு வந்தது. பின்னால் என் கையைப் பிடிக்க யாரும் இல்லை. குரல் வந்தது.

“நீ பாத்துப் போ அக்கா” என்றேன்.